கணக்குப் பரீட்சையன்று வந்த சாட்சி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக "உற்சாகமா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க மிஸ்" என்று ஆபீசிலிருந்து போனில் கேட்டார்கள். உற்சாகம் வேண்டுமென்றால் நம் ஆண்டறிக்கைகளைப் படியுங்கள். பக்கத்துக்குப் பக்கம் கொட்டிக் கிடக்கிறது. அதில் பாதி நானே எழுதியது என்பதால் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை கிடையாது. இங்கே நான் எழுதப்போவது அந்த அறிக்கைகளில் விட்டுப்போன ஒரு விஷயம். விட்டதும் நான்தான்.

என்னைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் பெங்களூர் லிங்கராஜபுரத்துக்காரி. பள்ளிக்கூடத்தில் கொஞ்ச காலம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, பிறகு இருபத்திரண்டு வருஷம் நம் தொண்டு நிறுவனத்துக்காக ஜெயிலுக்குள் பாடம் நடத்தினேன். காலையில் இரண்டு பஸ் மாறிப் போவேன். கேட்டில் போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு உள்ளே விடுவார்கள். என்னைவிட மூத்தவர்கள்கூட எழுந்து நின்று "குட்மார்னிங் மிஸ்" என்பார்கள். தினமும் நாற்பது ஆண்கள் எழுந்து நின்றால் யாருக்கும் தலை கொஞ்சம் கனக்கும். எனக்கு நன்றாகவே கனத்தது.

சேகர் என் வகுப்புக்கு வந்தபோது அவனுக்கு இருபத்தாறு வயது. பீன்யாவில் ஒரு பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டியவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, தன்னோடு வேலை செய்தவனுக்குத் தன் பைக்கை இரவல் கொடுத்தான். வாங்கிப்போனவன் இன்னொருவனைக் கூட்டிக்கொண்டு போய் ஆனேக்கல் பக்கம் ஒரு கிரானைட் குடோனில் திருடி, தடுத்த வாட்ச்மேனை இரும்புக் கம்பியால் அடித்துவிட்டான். போலீசுக்குக் கிடைத்தது பைக் நம்பர். பைக்கை ஓட்டிப்போனவன் ஓடிவிட்டான், பைக்கின் சொந்தக்காரன் உள்ளே வந்தான். ஜாமீன் கிடைத்தும், நிலப்பத்திரத்தோடு வந்து கையெழுத்துப் போட ஆள் இல்லாததால் இரண்டு வருஷமாக விசாரணைக் கைதியாகவே இருந்தான். வெளியே அவனுக்கு இருந்தது அம்மா ஒருத்திதான். கன்னியம்மா என்று பெயர். ஆனேக்கல்லில் ஒரு கம்பெனியில் பெருக்கித் துடைக்கிற வேலை.

இந்தக் கேஸில் மொத்தமும் அந்த வாட்ச்மேன் கையில் இருந்தது. அடித்தவர்களை நேரில் பார்த்தவர் அவர் ஒருவர்தான். கோர்ட்டில் வந்து நின்று, சேகரைப் பார்த்து, "இவன் இல்லை" என்று சொல்லிவிட்டால் கேஸ் முடிந்தது. ஆனால் நான்கு முறை சம்மன் போயும் அவர் வரவில்லை.

இனி என் பக்கத்துக்கு வருகிறேன். அந்த வருஷம் ஒன்பது பேரைத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்திருந்தேன். நடுவில் ஒருவரும் நிற்கவில்லை. ஜெயிலில் இது நடக்காத காரியம். ஒருவனுக்கு விடுதலை வரும், ஒருவனை வேறு ஊர் ஜெயிலுக்கு மாற்றுவார்கள், ஒருவனுக்கு வெறுத்துப்போகும். அந்த வருஷம் மட்டும் ஒன்பது பேரும் கடைசித் தாள் வரை வந்துவிட்டார்கள். கடைசித் தாள் கணக்கு, என் பாடம். ஒன்பதுக்கு ஒன்பது என்று நான் பஸ்ஸில் போகும்போதே சொல்லிக்கொள்வேன். ஆபீசிலும் தெரிந்துவிட்டது. நன்கொடையாளர்களைக் கூப்பிட்டு, ஒன்பது பேரையும் வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்துப் போட்டோ எடுக்கிறதாகத் திட்டம்.

பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது சேகர் வந்து நின்றான்.

"மிஸ், கணக்கு அன்னிக்கு எனக்கு டேட்டு இருக்குது. நான் அடுத்த வாட்டி எழுதிக்கறேன்."

"வாய்தாதானே? எப்பவும் வீடியோவுல தானே காட்டுவாங்க?"

"இல்ல மிஸ். இந்த வாட்டி சாட்சி விசாரணை. நேர்ல கூட்டினு போறாங்க. அம்மா வரும்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பத்தொன்பது வருஷ சர்வீசுக்குப் பிறகும் எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்று போனில் பேசுவார்கள். கோர்ட்டில் அப்படி இல்லை. பெயர் கூப்பிடுகிற வரைக்கும் வராந்தா பெஞ்சில் உட்காரவைப்பார்கள். கூட வந்த போலீஸ்காரருக்கு மனசு இருந்தால், அம்மா பக்கத்தில் வந்து உட்காரலாம், தலையைத் தடவலாம், கொண்டுவந்த டப்பாவைத் திறந்து சாப்பிட வைக்கலாம். அதற்காகத்தான் இவர்கள் டேட்டுக்குக் காத்திருப்பார்கள். முந்தின நாளே ஒருவருக்கொருவர் ஷேவ் செய்துவிடுவார்கள். பாரக்கில் நல்லதாக ஒரே ஒரு சட்டை இருக்கும். டேட் வருகிறவனுக்கு அது முறைப்படி போகும். சுடுதண்ணி ஊற்றிய சொம்பின் அடியால் தேய்த்து அதற்கு இஸ்திரி போடுவார்கள். சேகருக்கு அந்தச் சட்டை அப்போதே வந்துவிட்டிருந்தது. நீலக் கட்டம் போட்டது.

இதையெல்லாம் எனக்கு விளக்கியவர் ஒரு ஆயுள் கைதி. வகுப்பில் ஹாஜர் எடுத்து, நோட்டுப்புத்தகம் எண்ணி வைக்கிறவர். கன்னடக்காரர், எங்களோடு தமிழில் பேசுவார். நான் சேகரைப் பரீட்சை எழுதச் சொல்லி வற்புறுத்துவதைக் கேட்டுவிட்டு, அவன் போன பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பேடா மேடம், வேணாம். பரீட்சை மறுபடி வரும். ஆறு மாசத்துல இன்னொண்ணு இருக்குது. டேட்டுல மட்டும் கை வெக்காதீங்க."

"அது வெறும் வாய்தாங்க. நாலு தடவை வராத சாட்சி அஞ்சாவது தடவை வந்து குதிச்சிடப் போறானா?"

"சாட்சி வரமாட்டான் மேடம். அம்மா வருவாங்க இல்ல?"

அவர் பத்தாவது பாஸ் செய்யாதவர். நான் எம்.எஸ்சி. அதனால் அவர் சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றேன். மறுநாள் சேகரை உட்காரவைத்துப் பேசினேன். எதிர்காலம் என்றேன், வேலை என்றேன். பீன்யாவில் எனக்குத் தெரிந்த பட்டறைக்காரர் பத்தாவது பாஸ் செய்தவனைத்தான் எடுப்பார் என்றேன். அது உண்மைதான். ஆனால் அதை அந்த வாரமே சொல்ல வேண்டிய அவசரம் அவனுடையது அல்ல, என் போட்டோவினுடையது.

அவன் கையிலிருந்த நோட்டை மூடி வைத்தான்.

"அம்மா பஸ் ஏறி வந்துடும் மிஸ்."

"நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்டா. வரவேணாம்னு சொல்லிடறேன். போதுமா?"

"மறக்காம சொல்லிடுங்க மிஸ். அது லீவு போட்டுட்டு வரும்."

அவனுடைய வக்கீல் இலவச சட்ட உதவியிலிருந்து வந்த ஒரு சின்னப் பெண். நேரில் வர விலக்கு கேட்டு மனு போடச் சொன்னேன். "சாட்சிக்கு சம்மன் போயிருக்கு மேடம், ஆள் அடையாளம்தான் இந்தக் கேஸே" என்று தயங்கினாள். அவளிடமும் அதே வசனத்தைச் சொன்னேன். நான்கு முறை வராதவன். அவளுக்கு என் வயதின் மேல் மரியாதை, மனு போட்டுவிட்டாள். ஜெயிலில் பரீட்சை என்று கடிதம் கொடுத்தேன், கோர்ட்டுக்குப் போகிறவர்கள் பட்டியலில் அவன் பெயரை அடித்தார்கள். எல்லாம் முறைப்படி, கையெழுத்தோடு நடந்தது. கன்னியம்மாவுக்கு ஒருமுறை போன் செய்தேன். சுவிட்ச் ஆஃப் என்று வந்தது. அப்புறம் செய்யலாம் என்று வைத்தேன். ஹால் டிக்கெட், மேற்பார்வையாளர், விருந்தாளி பட்டியல் என்று அந்த வாரம் பறந்தது. மறுபடி நான் போன் செய்யவேயில்லை.

பரீட்சையன்று சேகர் அந்த நீலக் கட்டம் போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். "திருப்பிக் குடுக்கல மிஸ், இன்னிக்கும் டேட்டு மாதிரிதானே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். ஒன்பது பேரும் எழுதினார்கள். முடிந்ததும் விருந்தாளிகளோடு போட்டோ எடுத்து, பிஸ்கட் கொடுத்தோம். கேட்டுக்கு வெளியே வந்து போனை வாங்கியபோது வக்கீல் பெண்ணிடமிருந்து ஏழு அழைப்புகள் இருந்தன.

"சாட்சி வந்துட்டார் மேடம்" என்றாள். "தர்மபுரியில இருந்து ஓசூர் வந்து, பஸ் மாறி வந்திருக்கார். 'அந்தப் பையனைக் காட்டுங்க, நான் பார்த்தவனா இல்லையான்னு சொல்லிடறேன்'னு நின்னார். ஆளே இல்லாம யாரைப் பார்த்து அடையாளம் சொல்லுவார்னு ஜட்ஜ் என்னைக் கேட்டார். அடுத்த டேட்டுக்குத் தள்ளி வெச்சுட்டார் மேடம்."

அவள் அழுதுகொண்டிருந்தாள். நான் அழவில்லை. அடுத்த டேட்டில் வருவார் என்று அவளுக்கே ஆறுதல் சொன்னேன். எனக்கு அப்போது இருந்த திடத்தை நினைத்தால் இன்று பற்றிக்கொண்டு வருகிறது.

"இன்னொண்ணு மேடம். அவங்க அம்மா வந்திருந்தாங்க. சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாங்க. பரீட்சை எழுதறார்னு நான் சொன்னேன். சந்தோஷமாத்தான் போனாங்க."

அந்த வாட்ச்மேன் அதற்குள் குடோன் வேலையை விட்டிருந்தார். புது விலாசத்தை அன்று யாரும் எழுதி வாங்கவில்லை. அடுத்த சம்மன் பழைய விலாசத்துக்குப் போய்த் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. ஜட்ஜ் மாறினார். டேட் எல்லாம் மறுபடி வீடியோவாகிவிட்டது. திரையில் இரண்டு நிமிஷம் முகம் காட்டுவான், வாய்தா விழும். கன்னியம்மா மட்டும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜெயிலுக்கு வந்து கண்ணாடிக்கு அந்தப்புறம் நின்றார். ரிசல்ட் வந்ததும் கம்பெனியில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுத்தாராம். ஒருநாள் கேட்டுக்கு வெளியே என்னைப் பார்த்துவிட்டு ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, எங்க வம்சத்துலயே இவன்தான் பத்தாவது. நீங்க நல்லா இருக்கணும்."

அன்றைக்குக் கோர்ட்டில் காத்திருந்ததைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் போன் செய்யாததைப் பற்றி நானும் சொல்லவில்லை. அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் வசதியாக இருந்திருக்கும்.

அந்தப் பரீட்சை முடிந்து ஏழாவது மாதம் கன்னியம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், மூன்றாம் நாள் முடிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஆபீசுக்குப் போன் செய்தபோது நான் ஊரில் இல்லை. சேகரை அடக்கத்துக்கு அனுப்ப அனுமதி வாங்கி, காவலுக்கு ஆள் தேடுவதற்குள் ஒரு நாள் ஓடிவிட்டது. வீட்டில் வைத்திருக்க முடியாமல் எடுத்துவிட்டார்கள். அதை அவனுக்குச் சொல்கிற வேலை எனக்கு வந்தது. வகுப்பறையிலேயே சொன்னேன், கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு.

"எப்ப எடுத்தாங்க மிஸ்?" என்று மட்டும் கேட்டான்.

"நேத்து. மத்தியானம்."

தலையாட்டினான். டெஸ்க்கில் இருந்த நோட்டுகளை எடுத்து ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வகுப்புக்கு வந்தான், எழுந்து நின்று குட்மார்னிங் சொன்னான். அவன் என்னைப் பார்த்து விரலை நீட்டிக் கேட்டிருக்கலாம். நாற்பது பேர் முன்னால் என் மானத்தை வாங்கியிருக்கலாம். நான் தயாராகத்தான் இருந்தேன். அவன் அதைக்கூட எனக்குத் தரவில்லை.

சர்ச்சில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் சொன்னேன். நீங்கள் நல்லது நினைத்துத்தானே செய்தீர்கள் என்று அவர் மூன்று ஜெபம் சொல்லச் சொன்னார். இந்த வேலையில் உங்களுக்கும் இந்த வாக்கியம் அடிக்கடி கிடைக்கும். எல்லோரும் தாராளமாகக் கொடுப்பார்கள். வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். சேகருக்கு நான் நினைத்தது நல்லதுதான், ஆனால் என் ஒன்பதாவது நாற்காலியை நினைத்த பிறகுதான் அதை நினைத்தேன்.

அந்தப் பரீட்சை முடிந்து பதினோரு மாதம் கழித்து வாட்ச்மேனைக் கண்டுபிடித்தார்கள். தேடியது போலீஸ் அல்ல, அந்த வக்கீல் பெண். தர்மபுரிப் பக்கம் அவருடைய மகள் வீட்டுக்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்திருக்கிறாள். இந்த முறை நானும் கோர்ட்டுக்குப் போனேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பையில் சேகரின் மார்க் ஷீட்டை பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருந்தேன். தீர்ப்பு வந்ததும் கையில் கொடுத்து, பீன்யா பட்டறைக்காரரிடம் கூட்டிப்போகிறதாக ஏற்பாடு.

வாட்ச்மேன் மெலிந்த மனிதர், நெற்றியில் தையல் போட்ட தழும்பு. கூண்டில் ஏறி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, சேகரை மேலிருந்து கீழ் வரை பார்த்தார்.

"இவன் இல்லீங்க சாமி. வந்தவனுங்க ரெண்டு பேரும் நல்ல உசரம். இந்தப் பையனை நான் பார்த்ததே இல்ல."

ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் பதினோரு மாதம். சில நாளில் தீர்ப்பும் வந்தது, விடுதலையும் வந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது தீர்ப்பைப் பற்றி அல்ல. அன்று சாட்சி முடிந்து வெளியே வந்தபோது வராந்தாவில் நடந்ததைப் பற்றி.

சேகரை பெஞ்சில் உட்காரவைத்திருந்தார்கள். போலீஸ்காரர் நல்லவர், கொஞ்சம் தள்ளி நின்று போன் பார்த்துக்கொண்டிருந்தார். வாட்ச்மேன் சாட்சிக்குத் தருகிற பேட்டா காசுக்கான காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து அவன் முன்னால் நின்றார்.

"தம்பி, உங்க அம்மா வரலியா?"

சேகர் நிமிர்ந்து பார்த்தான். "அம்மாவைத் தெரியுமாண்ணே?"

"போன வருசம் நான் வந்தப்ப இதே பெஞ்சுதான். எனக்கு சுகரு. காலையில கிளம்பினது, கை நடுங்கிப்போச்சு. பக்கத்துல இருந்த அம்மா டப்பாவைத் திறந்து, 'நீங்க சாப்பிடுங்கண்ணே, எம் புள்ளைக்குத்தான் கொண்டாந்தேன், அவன் பரீட்சை எழுதறானாம், இன்னிக்கு வரமாட்டான்'னு சொல்லிப் போட்டுச்சு. பேசிக்கினு இருக்கறப்பத்தான் தெரிஞ்சுது, நான் பார்க்க வந்ததே அவங்க புள்ளையைத்தான்னு. 'பார்த்தா சொல்லுங்கண்ணே, அவன் இல்லைன்னு நீங்களே சொல்லுவீங்க'ன்னுச்சு. அதைச் சொல்லணும்னுதான் இன்னிக்கு வந்தேன். எங்க அவங்க?"

அவர் இறந்துபோனதை நான்தான் சொன்னேன். வாட்ச்மேன் "ஐயோ" என்று தலையில் கை வைத்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"நானே சாப்ட்டுட்டேன்னு சொல்லிச்சுண்ணே எங்கிட்ட" என்றான் சேகர். "என்ன கொழம்பு?"

"பிதுக்கம்பருப்புக் கொழம்பு. நிறைய போட்டுச்சு."

அவரைக்கொட்டையை ஊறவைத்து, ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோலை நீக்க வேண்டும். ஒரு டப்பாவுக்குப் பிதுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கம்பெனியில் பெருக்கித் துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்து பிதுக்கியிருப்பார்.

"உப்பு சரியா இருந்துச்சாண்ணே?"

வாட்ச்மேன் தயங்கினார். "கொஞ்சம் கம்மிதான் தம்பி."

"எப்பவும் கம்மியாத்தான் போடும்" என்றான். சொல்லும்போதே அவன் முகம் கோணிப்போனது. அம்மா செத்த சேதியைக் கேட்டு அழாதவன், அந்தப் பெஞ்சில் அந்த மனிதர் தோளில் சாய்ந்து வாய்விட்டு அழுதான். போலீஸ்காரர் போனைப் பையில் வைத்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். நான் என் கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

விடுதலையான அன்று ஜெயில் கேட்டில்தான் மார்க் ஷீட்டைக் கொடுக்க முடிந்தது. உறைக்கு மேலாகவே பார்த்தான்.

"கணக்குல எவ்வளவு மிஸ்?"

"அறுபத்தொண்ணு."

"பரவால்லயே" என்று சொல்லி என்னிடமே திருப்பிக் கொடுத்தான். "நீங்களே வெச்சுக்கங்க மிஸ்." அதில் கோபம் இல்லை. இரவல் வாங்கிய ஒன்றைத் திருப்பித் தருவது போலத் தந்தான். பட்டறைக்கு வரவில்லை. தர்மபுரிப் பக்கம் போனதாக வக்கீல் பெண் சொன்னாள். மார்க் ஷீட் என் பீரோவில் இருக்கிறது. ஒன்பது பேர் நாற்காலியில் உட்கார்ந்த போட்டோ இப்போதும் நம் ஆபீஸ் வாசலில் மாட்டியிருக்கிறது, நீங்கள் தினமும் அதைத் தாண்டித்தான் உள்ளே போகிறீர்கள். இடது பக்கத்திலிருந்து நான்காவது, நீலக் கட்டம் போட்ட சட்டை.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஒருவன் வகுப்பில் சேர்ந்தால் எதுவரை படித்திருக்கிறாய் என்று கேட்காதீர்கள். அடுத்த டேட் எப்போது, யார் வருவார்கள் என்று கேட்டு, முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். அது வருகிற நாளில் உங்கள் பரீட்சை, விழா, விருந்தாளி எதுவும் வேண்டாம். போன் செய்கிறேன் என்று வாய்விட்டால் செய்யுங்கள், எடுக்கும் வரைக்கும்.

அந்த ஆயுள் கைதி சொன்னது சரிதான். ஆறு மாதத்தில் மறுபடி பரீட்சை வந்தது. அப்போது கன்னியம்மா உயிரோடு இருந்தார், அந்த வாரம் சேகருக்கு டேட்டும் இல்லை. அதே அறை, கணக்குத் தாள், மேற்பார்வைக்கு நான்தான் நின்றேன். எட்டு நாற்காலி போட்டிருந்தோம், மூன்று பேர்தான் எழுத வந்தார்கள், சேகர் உட்கார ஐந்து நாற்காலி காலியாக இருந்தது.